எவ்ளோ ஓடியிருக்கு?

பொழுது போகலைன்னா செகண்ட் ஹேண்ட் கார் விளம்பரங்களை உக்காந்து படிச்சுப் பாருங்க மக்களே. விட்டலாச்சார்யா படமெல்லாம் பக்கத்துலயே வர முடியாது. "சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ்டு, 2013 மாடல், 42,000 கிமீ ஒன்லி, எஞ்சின் பிரிக்காதது, ஏசி சில்லுனு இருக்கும்." இதை எல்லாம் நம்பினா, தமிழ்நாட்டு டாக்டருங்க எல்லாரும் கார் வாங்கி, ஞாயித்துக்கிழமை மட்டும் கோயிலுக்கு எடுத்துட்டுப் போயிட்டு, அலுங்காம குலுங்காம வித்துடறாங்கன்னு அர்த்தம். நான் பார்த்த விளம்பரங்கள்ல பத்து வருஷம் ஆன காருக்கு சராசரி ஓட்டம் 50 ஆயிரம் தாண்டலை. நம்ம ஜிஎஸ்டி ரோட்ல விடியக்காலைல இருந்து ராத்திரி வரைக்கும் முட்டி மோதிக்கிட்டு நிக்கற காரெல்லாம் அப்ப யாரோடதுங்கறேன்?

என்னோட கார் 2012 மாடல் ஃபோர்டு ஃபிகோ டீசல். மீட்டர்ல 2,11,000 கிலோமீட்டர். இதை வெளியில சொன்னா ஜனங்க பார்க்கற பார்வை இருக்கே, ஏதோ வீட்ல பெரியவங்களுக்கு சீரியஸ்னு சொன்ன மாதிரி இருக்கும். ஆபீஸ்ல கூட ஆணி புடுங்கற நண்பர் ஒருத்தர், "ரெண்டு லட்சமா? இன்னுமா ஓடுது?"ன்னு கேட்டார். டேமேஜர் ஒரு படி மேல போய், "சம்பளம் பத்தலைன்னா நேரா சொல்லுப்பா"ன்னுட்டார். (சொன்னேன். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கறதில்லை.)

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். நிறைய ஓடின, ஆனா ஒழுங்கா பராமரிச்ச காருக்கு நம்ம ஊர்ல மரியாதை கிடையாது. அந்த மரியாதை இல்லாததாலதான் மீட்டர் இறக்கற தொழில் ஜோரா நடக்குது. உண்மையைச் சொல்றவனுக்கு விலை குறைவு, பொய் சொல்றவனுக்கு விலை கூட. இதுல வாங்கறவங்களான நமக்கும் பங்கு இருக்கு.

குரோம்பேட்டை சாரும் நீல அட்டை நோட்டும்

2022 ஏப்ரல்ல ஒரு கார் தேடிக்கிட்டு இருந்தேன். வீடு மேற்கு தாம்பரத்துல முடிச்சூர் பக்கம், ஆபீஸ் சிறுசேரியில. வண்டலூர் - கேளம்பாக்கம் ரோடு வழியா வாரத்துல மூணு நாள் போய் வரணும். அது போக அம்மா அப்பாவை ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும். பட்ஜெட் ரெண்டு, ரெண்டரை லட்சம். அதுக்கு மேல கடன் வாங்கக் கூடாதுன்னு தீர்மானம்.

தெரிஞ்சவங்க மூலமா குரோம்பேட்டைல ஒருத்தர் கார் விக்கறார்னு தகவல் வந்துச்சு. வங்கி மேலாளரா இருந்து ரிட்டையர் ஆனவர். பார்வை கொஞ்சம் குறைஞ்சதால இனிமே ஓட்ட வேண்டாம்னு பசங்க சொல்லிட்டாங்களாம். போய்ப் பார்த்தா, வண்டியைக் காட்டறதுக்கு முன்னாடி உள்ள போய் ஒரு நோட்டை எடுத்துட்டு வந்தார். பள்ளிக்கூடப் பசங்க வச்சிருக்கற மாதிரி நீல அட்டை போட்ட நீள நோட்டு. "தம்பி, முதல்ல இதைப் படிங்க. அப்புறம் வண்டியைப் பாருங்க"ன்னார்.

பத்து வருஷக் கணக்கு. ஒவ்வொரு தடவை டீசல் போட்ட தேதி, லிட்டர், மீட்டர் எண். ஒவ்வொரு சர்வீஸ். எந்த ஆயில், எத்தனை லிட்டர், ஃபில்டர் மாத்தினதா இல்லையா. 1,12,000-ல் டைமிங் பெல்ட் மாத்தினது, அதுக்கான பில் பின் குத்தி. டயர் மாத்தினப்போ நாலு டயரோட நம்பரையும் எழுதி வச்சிருக்கார். ஓரத்துல சின்னச் சின்னக் குறிப்பு வேற: "இடது முன் சக்கரம் லேசா சத்தம்". ரெண்டு பக்கம் தள்ளி, "சத்தம் நின்றது. புஷ் மாற்றியாச்சு." நானும் கம்பெனில வருஷக்கணக்கா பொட்டி தட்டறேன். இவ்ளோ ஒழுங்கான சேஞ்ச் லாக் எங்க டீம்ல ஒருத்தனும் எழுதினதில்லை, சாமி சத்தியமா.

மீட்டர்ல 1,58,400. அதுல பெரும்பங்கு, அவர் மதுராந்தகம் கிளைல வேலை பார்த்த நாலு வருஷத்துல ஓடினது. தினமும் போக வர 110 கிலோமீட்டர், எல்லாம் ஹைவே.

அவர் எனக்கு முன்னாடி ஒரு புரோக்கர்கிட்ட பேசியிருக்கார். புரோக்கர் சொன்ன விலை ஒண்ணே முக்கால். கூடவே ஒரு யோசனையும் சொல்லியிருக்கார். "சார், மீட்டரை எழுபதுக்கு இறக்கிடலாம். இன்னும் அம்பதாயிரம் சேர்த்துத் தர்றேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், அந்த நோட்டை மட்டும் யார்கிட்டயும் காட்டாதீங்க." சார் வேண்டாம்னுட்டார். ஏன் சார்னு கேட்டேன். தத்துவம் எல்லாம் பேசலை. "முப்பத்தி நாலு வருஷம் பேங்க்ல கணக்கு எழுதினவன் தம்பி. ஓட்டினதை ஓட்டலைன்னு எப்படி எழுதறது?"ன்னார். அவ்ளோதான்.

நான் 2,10,000 குடுத்தேன். பேரம் பேசலை. நோட்டோட சேர்த்துதான் விலைன்னு நான் சொன்னதுக்கு, அவர் அந்த நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்துட்டுக் குடுத்தார்.

யார் என்ன விலை போடறாங்க?

வண்டி வாங்கினதுக்கு அப்புறம் ஒரு விஷயம் கவனிச்சேன். பழைய காருக்கு விலை போடறவங்க நாலு பேர். நாலு பேரும் நாலு விதமா பார்க்கறாங்க.

முதல் ஆளு இன்சூரன்ஸ். அவங்களுக்கு ஒரு அட்டவணை இருக்கு. ஆறு மாசத்துக்குள்ள 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷத்துக்குள்ள 15, ரெண்டு வருஷம் வரைக்கும் 20, மூணு வரைக்கும் 30, நாலு வரைக்கும் 40, அஞ்சு வரைக்கும் 50. அஞ்சு வருஷம் தாண்டினா ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கற தொகை. இந்த அட்டவணைல கிலோமீட்டர்ங்கற வார்த்தையே கிடையாது. ஷெட்லயே தூங்கின காரும், சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் ஷட்டில் அடிச்ச காரும் அவங்களுக்கு ஒண்ணுதான்.

ரெண்டாவது ஆளு அரசாங்கம். அவங்களுக்கும் வயசுதான் கணக்கு. தனியார் காருக்கு 15 வருஷம் ஆர்.சி., அதுக்கப்புறம் எஃப்.சி. காட்டி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000-ன்னு அறிவிப்பு வந்துச்சு. டெல்லில இன்னும் கடுமை. 10 வருஷம் ஆன டீசலும் 15 வருஷம் ஆன பெட்ரோலும் ஓடக் கூடாதுன்னு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணுச்சு. அங்க அளவுகோலா வச்சது வண்டியோட வயசு, நிலைமை இல்லை. நல்லா வச்சிருந்தவங்க வயிறு எரிஞ்சு வந்த விலைக்கு வெளிமாநிலத்துக்கு வித்தாங்க.

மூணாவது ஆளு புரோக்கர். இவருக்கு மீட்டர் எண்தான் வேதம். லட்சத்துக்குக் கீழ ஒரு விலை, மேல ஒரு விலை. 98,000 ஓடின வண்டிக்கும் 1,02,000 ஓடின வண்டிக்கும் நடுவுல என்னவோ பாக் நீரிணை இருக்கற மாதிரி பேசுவார்.

நாலாவது ஆளு மெக்கானிக். எங்க ஏரியா பட்டறை அண்ணன் மீட்டரைப் பார்க்கவே மாட்டார். காலைல எஞ்சின் சில்லுனு இருக்கறப்போ வரச் சொல்வார். ஸ்டார்ட் பண்ணி சைலன்சர்கிட்ட கையை வச்சுப் பார்ப்பார். ஆயில் மூடியைத் திறந்து, எஞ்சின் ஓடறப்போ புகை வருதான்னு பார்ப்பார். அப்புறம் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்வார். என் வண்டியைப் பார்த்துட்டு, "வச்சிருந்தவர் நல்லா வச்சிருந்திருக்கார்"னார். இந்த நாலு பேர்ல, வண்டியை வச்சிருந்த மனுஷனைப் பத்திப் பேசினது அவர் ஒருத்தர்தான்.

கிலோமீட்டரை விடுங்க, மணியை எண்ணுங்க

இன்ஜினியரிங் படிச்சதுக்கு ஒரு கணக்காவது போட வேண்டாமா? போடுவோம்.

டிராக்டர், ஜெனரேட்டர், ஜேசிபி இதுக்கெல்லாம் கிலோமீட்டர் பார்க்க மாட்டாங்க, எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னுதான் பார்ப்பாங்க. நம்ம தாம்பரம் விமானப்படைத் தளத்துல இருந்து தலைக்கு மேல சுத்துதே பயிற்சி விமானங்கள், அதுக்கும் பறந்த மணிக் கணக்குதான். இன்ன மணிக்கு இன்ன பரிசோதனைன்னு அட்டவணை. கார் எஞ்சினும் எஞ்சின்தானே?

குரோம்பேட்டை சார் வண்டியையே எடுத்துக்குவோம். ஹைவேல 1,10,000 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 50-ன்னு வச்சா 2,200 மணி நேரம். மீதி 48,400 ஊருக்குள்ள. சராசரி 20-ன்னு வச்சா 2,420 மணி நேரம். மொத்தம் 4,620.

இப்போ தாம்பரத்துல இருந்து வேளச்சேரி ரோடு வழியா கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம்னு தினமும் நெரிசல்ல மட்டும் ஊர்ந்த ஒரு காரை எடுத்துக்குங்க. மீட்டர்ல வெறும் 70,000. சராசரி வேகம் 15-ன்னு வச்சா 4,667 மணி நேரம்!

ஆக, எஞ்சின் உழைச்ச நேரத்தைப் பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா 70,000 ஓடின காரோட கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும் கியர்பாக்ஸும் பட்ட பாடு எத்தனையோ மடங்கு. (புரோக்கர் சரியா "எழுபதுக்கு இறக்கலாம்"னு சொன்னது தற்செயல்தான். அவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்.)

இன்னொரு சமாசாரம், எஞ்சின் தேய்மானத்துல பெரிய பங்கு சில்லுனு இருக்கறப்போ ஸ்டார்ட் பண்ற நேரத்துலதான். ராத்திரி முழுக்க நின்ன எஞ்சின்ல ஆயில் கீழ வடிஞ்சிருக்கும், மேல ஏற சில விநாடி ஆகும். அப்புறம் எஞ்சின் முழுசா சூடாகறதுக்குள்ள மார்க்கெட் வந்துடும், நிறுத்திடுவோம். ஆயில்ல சேர்ற ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகி வெளிய போக அவகாசமே கிடைக்காது. ஒரே ஸ்டார்ட்ல 55 கிலோமீட்டர் போன வண்டியையும், 55 கிலோமீட்டருக்கு இருபது தடவை ஸ்டார்ட் பண்ணின வண்டியையும் மீட்டர் ஒரே மாதிரிதான் காட்டும்.

இது என்னோட சொந்தச் சரக்கு இல்லைங்க. டிராவல்ஸ் வச்சிருக்கறவங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம். அஞ்சு லட்சம் ஓடின இன்னோவாவை அசால்ட்டா திருப்பதி கூட்டிட்டுப் போறவங்க அவங்க. உலக அளவுல பார்த்தா, அமெரிக்காவுல இர்வ் கார்டன்னு ஒரு பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார். 1966-ல் வாங்கின வோல்வோ பி1800எஸ் காரை, 2013-ல் 30 லட்சம் மைல் தாண்ட வச்சார். நம்ம கணக்குல 48 லட்சம் கிலோமீட்டர். கின்னஸ்ல பேர் இருக்கு. ரகசியம் என்னன்னு கேட்டவங்களுக்கு அவர் சொன்ன சாராம்சம், கார் கூட குடுத்த புத்தகத்துல இருக்கறபடி பராமரிச்சேன்ங்கறதுதான். 2018-ல் காலமானார். கடைசி வரைக்கும் அதே கார்தான்.

மூழ்கின கார், முழுகாத கார்

குறைஞ்ச கிலோமீட்டர்ங்கறதை நம்ம ஏரியாக்காரங்க நம்பவே கூடாதுங்கறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. தண்ணி.

2015 டிசம்பர்ல அடையாறு பெருக்கெடுத்தப்போ முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல் மறுபடி அதே பாடத்தை நடத்துச்சு. 3-ஆம் தேதி சாயங்காலமே நான் ஃபிகோவை எடுத்துட்டுப் போய் ஜிஎஸ்டி ரோடு பக்கம் மேடா இருந்த ஒரு இடத்துல விட்டுட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டே நடந்து வந்தேன். வேளச்சேரிக்காரங்க மேம்பாலத்துல வரிசையா காரை ஏத்தி நிறுத்தறாங்களே, அதே டெக்னிக்தான்.

எதிர் வீட்டு அண்ணன் அப்போ ஊர்ல இல்லை. புது கார், வாங்கி எட்டு மாசம், 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்துச்சு. மறுநாள் மாடில இருந்து பார்த்தா காரோட கூரையும் கண்ணாடியில பாதியும்தான் தெரியுது. ரெண்டு நாள் அப்படியே நின்னுச்சு. அண்ணி மாடிப்படில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க, ஒண்ணும் பேசலை. இன்னும் ஆறு வருஷ இஎம்ஐ பாக்கி.

இன்சூரன்ஸ்ல மொத்த நஷ்டம்னு தீர்த்தாங்க. ரிப்பேர் செலவு, காப்பீடு பண்ணின மதிப்புல 75 சதவீதத்தைத் தாண்டினா அப்படித்தான் தீர்ப்பாங்க. ஒரு நாள் லாரி வந்து காரைத் தூக்கிட்டுப் போச்சு. இப்படிப் போற வண்டிகள் ஏலத்துக்குப் போகும். நிறைய வண்டி உடைச்சு பார்ட்ஸா விக்கப்படும். சிலது மட்டும் கழுவி, காய வச்சு, சென்ட் அடிச்சு மறுபடி சந்தைக்கு வரும். அப்போ அதோட மீட்டர்ல என்ன இருக்கும்? 9,000. யாரும் இறக்கவே வேண்டாம், நிஜமாவே 9,000! "ஷோரூம் கன்டிஷன் சார், 9,000 ஒன்லி." அந்த எண்ணுல பொய் இல்லை. ஆனா ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கிடந்த ஒயரிங்கும் சென்சாரும் எத்தனை மாசம் தாங்கும்னு அந்த எண் சொல்லாது.

இதனாலதான் சொல்றேன், எண் உண்மையா இருந்தாலும் அது பாதிக் கதைதான். மீதிக் கதை அந்த நோட்டுலதான் இருக்கு.

நம்ம ஊர் கார், நம்ம ஊர் கம்பெனி

என் காருக்கு இன்னொரு பெருமை, அது நம்ம ஏரியா பிள்ளை. தாம்பரத்துல இருந்து ஜிஎஸ்டி ரோட்ல கொஞ்ச தூரம் போனா வர்ற மறைமலை நகர்ல, 2010-ல் அறிமுகமான முதல் தலைமுறை ஃபிகோ தயாராச்சு. 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி இந்தியால இனி கார் தயாரிக்கலைன்னு ஃபோர்டு அறிவிச்சது. 2022-ல் மறைமலை நகர் அசெம்பிளி லைன் நின்னுச்சு. நான் கார் வாங்கினது அதே வருஷம். "கம்பெனியே மூடிட்டான், நீ ஏன்டா போய் அதை வாங்கறே?"ன்னு மாமா ஒருத்தர் தலையில அடிச்சுக்கிட்டார். சர்வீசும் ஸ்பேர் பார்ட்ஸும் தொடரும்னு கம்பெனி சொல்லியிருந்தது. இதுவரைக்கும் எனக்கு வேணுங்கற பார்ட்ஸ் எல்லாம் கிடைச்சிருக்கு. சிலது ஜி.பி. ரோட்ல, சிலது புதுப்பேட்டைல, ஒரு சிலதுக்கு மட்டும் ஒரு வாரம் காத்திருக்கணும்.

இது நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்லை. கொசுவத்தியை இன்னும் கொஞ்சம் பின்னால சுத்தினா, பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்துச்சு. 1948-ல் ஆரம்பிச்ச கம்பெனி. ஹெரால்டு, கேசல்னு மெட்ராஸ் தெருக்கள்ல ஓடின கார்கள் எல்லாம் அவங்களோடது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000-னு ஒரு பெரிய கார் விட்டாங்க. இங்கிலாந்து ரோவர் காரோட பாடி, உள்ள பழைய காலத்து எஞ்சின். எடுபடலை. 1988-ல் உற்பத்தி நின்னுச்சு. தொழிற்சாலை இருந்த இடத்துல இப்போ ஐடி கட்டடங்கள் நிக்குது, நம்மள மாதிரி ஆட்கள் பொட்டி தட்டிக்கிட்டு இருக்காங்க. ஆனா ஹெரால்டு இன்னும் சென்னைல பழைய கார் கண்காட்சிகள்ல தலை காட்டுது. கம்பெனி போய் இத்தனை வருஷம் ஆகியும் வண்டி ஓடுதுன்னா, யாரோ ஒருத்தர் வீட்ல ஒரு நீல அட்டை நோட்டு இருக்குன்னு அர்த்தம்.

சரி, துட்டு கணக்கு

2022 ஏப்ரல்ல இருந்து 2025 டிசம்பர் வரைக்கும், 44 மாசம், 52,600 கிலோமீட்டர். டீசலும் இன்சூரன்சும் சேர்க்காம செலவு:

வாங்கினவுடனே சஸ்பென்ஷன் வேலை, லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்த்து 38,000.
நாலு டயர் 19,000.
கிளட்ச் செட் 14,500.
ஏசி கம்ப்ரசர் 16,000.
பேட்டரி 5,500.
ஏழு சர்வீஸ், மொத்தமா 42,000.

ஆக 1,35,000. கிலோமீட்டருக்கு ரெண்டரை ரூபா சொச்சம். கார் விலையையும் சேர்த்தா 3,45,000.

அதே நேரத்துல ஒன்பது லட்சம் கடன் வாங்கிப் புதுக் கார் எடுத்திருந்தா, 9 சதவீத வட்டி, ஏழு வருஷம்னு வச்சா மாசம் 14,480 ரூபா. 44 மாசத்துக்கு 6,37,000 கட்டியிருப்பேன், இன்னும் 40 மாசம் பாக்கி. புதுக் காருக்கு மறுவிற்பனை மதிப்பு இருக்கும், இல்லைங்கலை. 2025 செப்டம்பர்ல சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18-ஆ குறைஞ்சதும் நல்ல விஷயம்தான். ஆனா மாசாமாசம் கையில மிஞ்சின அந்தக் காசுலதான், 2024-ல் எங்க டீம்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினப்போ எனக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சு. என் பேரும் அந்த லிஸ்ட்ல இருக்குன்னு ரெண்டு வாரம் பேச்சு ஓடுச்சு. கடன் இல்லாத மனுஷனுக்கு இருக்கற தைரியத்தை அப்போதான் பார்த்தேன்.

மறு பக்கமும் இருக்குங்க

பழைய கார்னா எல்லாம் தங்கம்னு ஜல்லியடிக்க மாட்டேன். என் கார் பிஎஸ் 4. 2020 ஏப்ரல்ல இருந்து வர்ற பிஎஸ் 6 டீசலை விட இது அதிகமாத்தான் புகை தள்ளும், எவ்ளோ பராமரிச்சாலும் அது மாறாது. முன்னாடி ரெண்டு ஏர்பேக், அவ்ளோதான். புதுக் கார்கள்ல இருக்கற பாதுகாப்பு இதுல கிடையாது. குழந்தை குட்டியோட தினமும் ஹைவேல போறவங்க இதை யோசிக்கணும். அது மாதிரி, வண்டி நடுவழில நின்னா அன்னிக்கு வேலை போச்சுங்கற நிலைமைல இருக்கறவங்களுக்கும் இது சரிப்படாது. நிறைய ஓடி, பராமரிப்பும் இல்லாத கார் வெறும் தலைவலி. அதுல சந்தேகமே வேண்டாம்.

வாங்கறதா இருந்தா நான் பார்க்கறது இதுதான்:

ஓட்டம் எவ்ளோன்னு கேக்கறதுக்கு முன்னாடி, பில் இருக்கான்னு கேளுங்க. சர்வீஸ் சென்டர் பில்லுல மீட்டர் எண் இருக்கும். வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகணும். நடுவுல இறங்கினா கதை முடிஞ்சது.

பெடல் ரப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட் ஓரம், கியர் நாப். நாலும் தேய்ஞ்சிருக்கு, மீட்டர்ல 40,000-னா நம்பாதீங்க. நாலும் புதுசா பளபளன்னு இருந்தா அதுவும் சந்தேகம்தான்.

டயர்ல நாலு இலக்க எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2319-னா 2019-ல் 23-ஆவது வாரம் தயாரிச்சது.

டைமிங் பெல்ட் எஞ்சினா, செயின் எஞ்சினான்னு தெரிஞ்சுக்குங்க. ஸ்விஃப்ட் டீசல்ல இருந்த 1.3 ஃபியட் எஞ்சின்ல செயின். ஃபிகோ 1.4-ல் பெல்ட். பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், அதோட எஞ்சின் செலவு கார் விலையைத் தொட்டுடும். பெல்ட் மாத்தின பில் இல்லைன்னா, அந்தச் செலவை விலைல கழிச்சுப் பேசுங்க.

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. சேத்துக் கறை அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ஸ்டெப்னி வைக்கற பள்ளம், சீட்டுக்கு அடில இருக்கற போல்ட், கார்ப்பெட்டுக்குக் கீழ வாசனை. தண்ணில நின்ன வண்டி எங்கயாவது ஒரு இடத்துல காட்டிக் குடுத்துடும்.

இதெல்லாம் பார்த்துட்டு, ரெண்டு லட்சம் ஓடின, ஒளிவு மறைவில்லாத ஒரு வண்டி கிடைச்சா, அந்த ஆளுகிட்ட அடிமாட்டு விலைக்குப் பேசாதீங்க. பத்து, இருபதாயிரம் கூடக் குடுங்க. உண்மையான எண்ணுக்கு ஒருத்தராவது காசு குடுக்கறாங்கன்னு தெரிஞ்சாதான், அடுத்த ஆளு மீட்டர் இறக்காம விப்பான்.

என் வண்டிக்கு 2027 ஜூலைல 15 வருஷம் முடியுது. எஃப்.சி. எடுத்து இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டறதா முடிவு பண்ணியாச்சு. வீட்ல எதிர்ப்பு பலமா இருக்கு. பொண்ணு பார்க்கப் போறப்போ இந்த வண்டிலயா போய் இறங்கறதுன்னு அம்மா கேக்கறாங்க. போன மாசம் குரோம்பேட்டை சாரைப் பார்க்கப் போயிருந்தேன். கேட்ல நின்னுக்கிட்டு எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "டர்போ சத்தம் நல்லா இருக்கு. கூலன்ட் எப்போ மாத்தினே?"ன்னார். நோட்டை எடுத்துக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்துல வச்சு, என் கையெழுத்துல இருக்கற பக்கங்களை ஒவ்வொண்ணா படிச்சார். "லிட்டர் கணக்கு ரெண்டு இடத்துல எழுதலை"ன்னு சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்தார். இப்போ எழுதிக்கிட்டு இருக்கேன்.

பி.கு.: நோட்டுல பதினோரு பக்கம்தான் பாக்கி. அதே மாதிரி நீல அட்டை போட்ட நீள நோட்டு தாம்பரம் மார்க்கெட் பக்கம் எந்தக் கடைல கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா, புண்ணியமாப் போகும்.